போல்ட் உடைவது வண்டியின் வயதால் அல்ல

"வண்டி பழசு சார், போல்ட் உடையத்தான் செய்யும்." பழைய கார் வைத்திருக்கும் எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. வாட்டர் பம்ப் மாற்ற விட்ட வண்டியில் எஞ்சினுக்குள் ஒரு போல்ட் முறிந்துவிட்டதாகத் தகவல் வரும். இரண்டு மணி நேர வேலை நான்கு நாளாகும். லேத் பட்டறைக்கு ஒரு செலவு, வெல்டிங்குக்கு ஒரு செலவு, சில நேரம் ஹெட்டையே இறக்கும் செலவு. எல்லாவற்றுக்கும் காரணமாக வண்டியின் வயதைக் காட்டுவார்கள். உரிமையாளரும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பார்.

இந்த நம்பிக்கை மெக்கானிக்குகளிடம் மட்டும் இல்லை. உரிமையாளர்களும், அவர்களுக்கு யோசனை சொல்லும் நண்பர்களும், பழைய வண்டியை விற்றுத் தொலைக்கச் சொல்லும் உறவினர்களும் இதையேதான் நம்புகிறார்கள். துரு ஏறிய போல்ட் அசையாது, பலம் போட்டால்தான் வரும், பலம் போட்டு உடைந்தால் அது விதி என்ற மூன்று கருத்துகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன. மூன்றும் தவறு என்பதே என் வாதம். துரு போல்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் அதை முறிப்பது பெரும்பாலும் நம் கைதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கார் எஞ்சினைச் சுற்றி அதிகம் காணப்படுவது 8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள போல்ட். தலையில் 8.8 என்று பொறித்த சாதாரண ரகம் என்றால் அதை இறுக்க வேண்டிய முறுக்கு விசை ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர். 33 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் அது முறியத் தொடங்கலாம். ஒரு சாண் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினாலே கிட்டத்தட்ட அந்த எல்லையைத் தொட்டுவிடுவோம். ஸ்பேனர் செய்பவர்கள் சின்ன அளவுக்குச் சின்னக் கைப்பிடியும் பெரிய அளவுக்குப் பெரிய கைப்பிடியும் வைப்பது இதனால்தான். கைப்பிடியின் நீளமே ஒரு பாதுகாப்பு. அதில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகி அதே 20 கிலோவை அழுத்தினால் 170 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும். அதாவது முறியும் எல்லையைப் போல ஐந்து மடங்கு. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன்கூட அந்தக் குழாயைக் கொண்டு புத்தம்புது போல்ட்டை முறித்துவிடுவான். அப்படியிருக்க, இருபது வருடப் போல்ட் முறிந்ததற்கு இருபது வருடம்தான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

"துருப்பிடித்தது இவ்வளவு முறுக்கினால்தானே அசையும்" என்று பதில் வரும். அங்கேதான் பிழை இருக்கிறது. போல்ட்டை எது பிடித்திருக்கிறது என்று தெரிந்தால் முறுக்கைக் கூட்டுவது எவ்வளவு வீண் என்பது புரியும். ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறையப் பாதி தலைக்கு அடியில் உள்ள உராய்வுக்கே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வுக்குப் போகிறது. பத்தில் ஒரு பங்குதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் இழுவிசையாக மாறுகிறது. கழற்றும்போதும் நம் எதிரி இந்த உராய்வுதான். அதோடு துருவும் சேர்கிறது. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். மரைகளுக்கு இடையில் இருக்கும் முடி அளவு இடைவெளியில் அது ஆப்பாக இறுகிக்கொள்கிறது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும், பல இடங்களில் உப்பேறிய போர் தண்ணீரில் வண்டி கழுவும் பழக்கமும் இதை விரைவுபடுத்துகின்றன.

ஆப்பு இறுகிய இடத்தில் ஒரே சீராக முறுக்கினால் முறுக்கு முழுவதும் போல்ட்டின் கழுத்தில் போய்ச் சேரும். மரை அசையாது, கழுத்து திருகிக்கொண்டு போகும். கையில் அதை உணரலாம். ஸ்பேனரை இழுக்கும்போது கொஞ்சம் வந்து, விட்டதும் திரும்பிப் போனால் போல்ட் கழலவில்லை, முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். அந்த இடத்தில் நிறுத்துபவர்தான் தொழில் தெரிந்தவர். அங்கேதான் குழாயைத் தேடி ஆள் அனுப்புகிறார்கள்.

துருவின் பிடியை உடைக்கத் தேவை அதிர்வு. போல்ட்டின் தலையில் நேராக, அதன் நீளவாக்கில், சுத்தியலால் நாலைந்து முறை உறுதியாகத் தட்டினால் துருத் தூள் விரிசல் விடும். தலைக்கு அடியில் இருக்கும் பிடியும் இளகும். பிறகு கழற்றும் திசையில் திருப்புவதற்கு முன் இறுக்கும் திசையில் மிகச் சிறிதளவு அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்ததும் எண்ணெய் விட்டு, கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று முன்னும் பின்னுமாகக் கொண்டுவர வேண்டும். மரையில் உதிர்ந்த துரு வெளியேற வழி கிடைக்காவிட்டால் பாதி தூரம் வந்த போல்ட்டும் அங்கேயே மறுபடி இறுகிவிடும். சுத்தியலால் தட்டியே சுழற்றும் இம்பாக்ட் டிரைவரும் இதே கொள்கையில்தான் வேலை செய்கிறது. அது விலை அதிகமில்லாத கருவி. இருந்தும் எத்தனை பட்டறைகளின் சுவரில் அது தொங்குகிறது?

அடுத்தது தலை மழுங்குவது. "பழைய போல்ட், தலை தேய்ந்துபோச்சு, ஸ்பேனர் பிடிக்கல" என்கிறார்கள். போல்ட்டின் தலை தானாகத் தேய்வதில்லை. பொருந்தாத கருவியே அதைத் தேய்க்கிறது. அம்பாசடர் இதற்குத் தெளிவான சாட்சி. 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, 1958 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உற்பத்தியான வண்டி அது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சினும் பாடியும் இங்கிலாந்தின் அங்குலக் கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. பின்னாளில் இசுசு எஞ்சின் வந்தபோது மில்லிமீட்டர் கணக்கும் கூடச் சேர்ந்தது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். 9/16 அங்குலம் 14.29 மில்லிமீட்டர். அதற்கு 14 நுழையாது, 15 போட்டால் 0.7 மில்லிமீட்டர் ஆடும். அந்த ஆட்டத்தில் ஸ்பேனர் பட்டையில் அழுத்தாமல் முனையில் மட்டும் அழுத்துகிறது. முனை நசுங்கித் தலை உருண்டையாகிறது. இதில் போல்ட்டின் வயதுக்கு என்ன வேலை? அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வாங்காததற்கு வண்டியைப் பழிக்கிறோம்.

மாருதி 800இன் கதை வேறு. 1983 டிசம்பரில் வந்த அந்த வண்டி ஜப்பானின் சுசுகி வடிவமைப்பு. அதன் பல பாகங்களில் இருக்கும் ஸ்டார் ஸ்குரூக்களின் பள்ளம் ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டது. நம் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் டிரைவர் பெரும்பாலும் அமெரிக்க பிலிப்ஸ் வடிவம். பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் நுனியின் வளைவு வேறு. பிலிப்ஸ் டிரைவர் ஜப்பானியப் பள்ளத்தின் அடி வரைக்கும் போய் உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே வழுக்கி ஏறும், பள்ளம் சிதைந்துவிடும். ஜப்பானிய ஸ்குரூக்களில் பலவற்றின் தலையில் சிறு புள்ளி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்தத் தரத்தில் செய்த டிரைவரை எடுத்தால் பல காலம் அசையாதது என்று சொன்ன ஸ்குரூவும் வருகிறது. இதே வண்டியின் பின் பிரேக் டிரம்மிலும் ஒரு பாடம் இருக்கிறது. டிரம் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும் என்பது சுசுகிக்காரர்களுக்குத் தெரியும். அதற்காக டிரம்மிலேயே 8 மில்லிமீட்டர் மரை போட்ட இரண்டு துளைகள் வைத்திருக்கிறார்கள். இரண்டு போல்ட்டை மாறி மாறிச் சமமாக இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். துளை கண்முன்னே இருக்க, டிரம்மின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து விரிசல் விட வைப்பதை என்னவென்று சொல்வது?

அடுத்து ஸ்ப்ரே டப்பா மீதான நம்பிக்கை. பலம் தோற்ற இடத்தில் ஸ்ப்ரே வரும், அடித்தவுடன் திருப்புவார்கள், உடைந்தால் "ஸ்ப்ரே அடிச்சும் உடைஞ்சுது பாருங்க" என்று வயதுக்கு இன்னொரு சாட்சியைச் சேர்ப்பார்கள். எல்லோரும் நாடும் டபிள்யூ.டி. 40ஐ 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி உருவாக்கியது. அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோலில் ஈரம் தங்காமல் காப்பது அதன் முதல் வேலை. நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி என்பதே அந்தப் பெயரின் பொருள். துருவை இளக்கவும் அது ஓரளவு உதவும். ஆனால் அதே நிறுவனம் இறுகிய போல்ட்டுகளுக்கென்றே ஊடுருவும் திரவம் ஒன்றைத் தனியாக விற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தத் திரவமானாலும் அதற்குத் தேவை நேரம். மரையின் இடுக்கு வழியாக அது ஊறி இறங்க வேண்டும். முந்தின நாள் மாலை கம்பி பிரஷ்ஷால் வெளித்துருவைத் தேய்த்து எடுத்து, திரவம் விட்டு, தட்டி, இரவில் இன்னொரு முறை விட்டு, மறுநாள் காலையில் கை வைப்பதே முறை. ஐந்து நிமிடத்தில் கிடைக்காத பலனை இரவு முழுக்க ஊறினால் எதிர்பார்க்கலாம்.

சூட்டைப் பற்றியும் இப்படி ஒரு முரட்டு நம்பிக்கை இருக்கிறது. "கேஸ் வச்சா வந்துடும்." சூடு அருமையான வழி, மறுக்கவில்லை. ஆனால் எதைச் சூடாக்குகிறோம் என்பது முக்கியம். போல்ட்டைச் சுற்றியிருக்கும் நட்டோ வார்ப்போ சூடாகி விரிய வேண்டும். போல்ட்டையே சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் அது விரிந்து இன்னும் இறுகும். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் அலுமினிய ஹெட்டில் இருக்கும் இரும்பு ஸ்டட்டுக்கு, ஹெட்டை மிதமாகச் சூடாக்கினாலே போதும். சூடான மரையின் வாயில் மெழுகைத் தொட்டால் அது உருகி உள்ளே இழுபடும். பல ஸ்டட்டுகள் அதோடு வந்துவிடும். தானாகக் கழலாமல் இருக்க மரையில் பசை போட்டு இறுக்கிய போல்ட்டுகளுக்கு எண்ணெய் பயனே தராது. சிவப்பு ரகப் பசை ஏறக்குறைய 250 டிகிரி சூட்டில்தான் இளகும். ஆக, போல்ட்டைப் பிடித்திருப்பது துருவா, பசையா, நசுங்கிய மரையா என்று முதலில் கண்டறிய வேண்டும். வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை.

சூட்டுக்கு எல்லையும் உண்டு. உரம் ஏற்றிய போல்ட்டைச் சிவக்கக் காய்ச்சினால் அந்த உரம் போய்விடும். சஸ்பென்ஷனிலோ பிரேக்கிலோ அப்படிக் காய்ச்சிய போல்ட்டை மறுபடி மாட்டக்கூடாது. பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், வாயு அடைத்த ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் பக்கத்தில் நெருப்பு போகவே கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். இதைக் கற்றுத் தராமல் பதினெட்டு வயதுப் பையன் கையில் டார்ச்சைக் கொடுப்பது பெரும் பாவம்.

எல்லாம் செய்தும் முறிந்துவிட்டால்? அங்கேயும் அவசரம் இரண்டாவது சேதத்தைச் செய்கிறது. முறிந்த துண்டில் துளை போட்டு, கடையில் ஈஸி அவுட் என்று கேட்டு வாங்கும் கருவியை உடனே செருகுகிறார்கள். அது மிகக் கடினமான, எளிதில் நொறுங்கும் எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. கூம்பு வடிவில் இருக்கும் ரகம் போல்ட்டை உள்ளிருந்து விரித்து இன்னும் இறுக்கவும் செய்யும். முழுப் போல்ட்டாக இருந்தபோதே அசையாத மரை, நடுவில் துளை போட்டு மெலிந்த துண்டுக்கு எப்படி அசையும்? முறிந்த ஸ்டட் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு செய்வது நல்ல வழி. வெல்டிங்கின் சூடே துருவை உடைக்கும், புதுத் தலையும் கிடைக்கும். அலுமினியத்தில் இரும்பு வெல்டு ஒட்டாது என்பதால் ஹெட்டுக்குப் பயப்படவும் வேண்டாம். உள்ளே முறிந்திருந்தால் மேல் முகத்தை அரத்தால் சமமாக்கி, சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, சிறிய பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். இடப்பக்கம் சுழலும் டிரில் பிட் கிடைத்தால் துளைக்கும்போதே துண்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு. மரை போய்விட்டால், புது மரையாகச் செருகும் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் இருக்கிறது. ஒழுங்காகப் போட்டால் அலுமினியத்தில் அது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. "பத்து ரூபாய் போல்ட்டுக்கு ஒரு ராத்திரி காத்திருக்கச் சொல்கிறீர்களா? வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டால் வேலை முடிந்தது." சில இடங்களில் இது சரி. சைலன்சர் ஃபிளாஞ்சில் இருபுறமும் திறந்த துளையில் நட்டோடு இருக்கும் போல்ட்டை கிரைண்டரால் வெட்டி எறியலாம், யாருக்கும் நஷ்டமில்லை. சஸ்பென்ஷன் கீழ் ஆர்மின் போல்ட் புஷ்ஷின் உள் குழாயோடு துருவேறி ஒன்றாகிவிட்டால், இருபுறமும் அறுத்து எடுத்துப் புது புஷ் போடுவதே புத்திசாலித்தனம். வெட்டுவது குற்றமில்லை. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று பிரித்துப் பார்க்காததுதான் குற்றம். எஞ்சின் பிளாக்கில், ஹெட்டில், கியர்பாக்ஸில், பிரேக் காலிப்பரில் அடி மூடிய துளையில் இருக்கும் போல்ட் முறிந்தால் போவது பத்து ரூபாய் இல்லை, அந்த வார்ப்பு முழுவதும். அங்கே ஒரு இரவு காத்திருப்பதைவிட மலிவான வழி கிடையாது. அந்த இரவில் மெக்கானிக் சும்மா இருக்கவும் வேண்டாம், வேறு வண்டியைப் பார்க்கலாம்.

இன்னொரு குரல், "இவ்வளவு பாடு எதற்கு, பழையதைக் கழித்துக்கட்டுங்கள்" என்கிறது. பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பழைய வண்டி வைத்திருப்பது ஏதோ குற்றம் என்ற எண்ணம் பரவிவிட்டது. புகை கக்கும் வண்டியும் பிரேக் பிடிக்காத வண்டியும் சாலையில் ஓடக்கூடாது, ஐயமில்லை. ஆனால் பல குடும்பங்களுக்கு அந்தக் கார்தான் ஒரே கார். நன்றாகப் பராமரித்த மாருதி 800ஐ ஒரு முறிந்த ஸ்டட்டுக்காக உடைத்து விற்கச் சென்னைப் புதுப்பேட்டைக்கு அனுப்புவது துருவின் தீர்ப்பு அல்ல, பொறுமையின்மையின் தீர்ப்பு.

நாளைய இறுகிய போல்ட்டை நாம் இன்றே தயாரிக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியை அழுத்திப் பிடித்து வீல் நட்டை இறுக்குகிறார்கள். சிறிய கார்களுக்குத் தேவையான முறுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். துப்பாக்கி அதைத் தாண்டி எங்கோ போய்விடும். பின்பு நடுவழியில் பஞ்சரானால், வண்டியோடு வந்த சிறு ஸ்பேனரால் ஒரு நட்டும் அசையாது. கையால் மரையைப் பிடிக்க வைத்து, டார்க் ரெஞ்சில் முடிப்பதற்குக் கூடுதலாக ஆவது சில நிமிடம்தான். எக்ஸாஸ்ட் ஸ்டட், பிரேக் ப்ளீடரின் மரை போன்ற இடங்களில் மரை இறுகிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசை ஒரு துளி தடவி மாட்டினால் அடுத்த மெக்கானிக் அங்கே போராட வேண்டியிருக்காது. இந்தப் பசை தடவிய மரைக்கு இறுக்கும் முறுக்கைக் குறைக்க வேண்டும் என்பதும், வீல் நட்டில் அதைத் தடவக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் மெக்கானிக்குகள் திறமையில்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஓசையை மட்டும் கேட்டு பேரிங் போய்விட்டது என்று சொல்லும் ஆட்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. மரை வெட்டுவதும் முறிந்த ஸ்டட்டை எடுப்பதும் அதில் பாடம். அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவைப் பயன்படுத்த நேரம் தராத அவசரமும், பலத்தையே திறமை என்று கொண்டாடும் பழக்கமும்தான் குறை. அந்த அவசரத்தில் உரிமையாளர்களுக்கும் பங்கு உண்டு. காலையில் வண்டியை விட்டுவிட்டு மதியத்துக்குள் மூன்று முறை போன் செய்கிறவர், குழாயை எடுக்கும்படி மெக்கானிக்கைத் தூண்டுகிறவரேதான்.

எனவே பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வண்டியை முந்தின நாளே விடுங்கள். எந்தப் போல்ட்டுகள் இறுகியிருக்கின்றன என்று கேளுங்கள். ஊற வைக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று நீங்களாகவே சொல்லுங்கள். கழற்றிய பழைய போல்ட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தலை மழுங்கியிருந்தால் எந்த ஸ்பேனர் போட்டார்கள் என்று கேளுங்கள். மெக்கானிக்குகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்த முறை ஒரு போல்ட் அசையாவிட்டால் குழாயை எடுக்காமல், அதைப் பிடித்திருப்பது எது என்று முதலில் பாருங்கள். அதன் பிறகும் முறிந்தால் வண்டியின் வயதைக் காரணம் சொல்லுங்கள், நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். அதுவரை அந்தக் காரணம் செல்லாது.